"அப்புறம் என்ன ஆச்சு?": திருச்சியில் ஒரு கதைப் புத்தக வேட்டை

திருச்சி மலைக்கோட்டையில் நானூறுக்கும் மேற்பட்ட படிகள் ஏற வேண்டும். பாதி ஏறும்போதே குழந்தைகளுக்குக் கால் வலி வந்துவிடும். அப்போது பெரியவர்கள் கையில் எடுக்கும் ஆயுதம் ஒரு கதை. அயோத்தியில் ராமரிடம் வாங்கிய ரங்கநாதர் விக்கிரகத்தோடு இலங்கைக்குப் போகிறார் விபீஷணன். வழியில் காவிரிக் கரையில் சந்தி செய்ய வேண்டும். அங்கே நின்ற சிறுவனிடம் விக்கிரகத்தைக் கொடுக்கிறார். சிறுவன் அதைக் கீழே வைத்துவிட்டு ஓடுகிறான். விபீஷணன் துரத்திக்கொண்டே மலையேறி, நறுக்கென்று தலையில் ஒரு குட்டு வைக்கிறார். பார்த்தால், நிற்பவர் பிள்ளையார்!

உச்சிக்குப் போய் வடக்கே பார்த்தால் காவிரிக்கு அப்பால் 236 அடி உயர ராஜகோபுரம் தெரியும். விக்கிரகம் வைக்கப்பட்ட இடம் அங்கே, குட்டு விழுந்த இடம் இங்கே. ஒரே கதைக்கு இரண்டு ஊர்.

ஆனால், இந்தக் கதை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். நாளை ராத்திரி என்ன சொல்வது? நாளன்றைக்கு?

நடுவில் ஓர் இடைவெளி

சிறுவர் புத்தக அடுக்குகளில் ஒரு பக்கம் தெனாலிராமன், பஞ்சதந்திரம் போன்ற குட்டிக் கதைகள். இன்னொரு பக்கம் பெரியவர்களுக்கான தடித்த நாவல்கள். தினம் ஓர் அத்தியாயம் என்று இரண்டு, மூன்று வாரம் வாசித்துக் காட்டக்கூடிய மாயாஜாலக் கதைகள் வேண்டும் என்றால், கொஞ்சம் தேடத்தான் வேண்டும்.

தேடுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஆங்கில வழியில் படிக்கும் பல குழந்தைகள் வீட்டில் சரளமாகத் தமிழ் பேசுவார்கள். தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்தால் மட்டும் எழுத்துக் கூட்டித் திணறுவார்கள். இரண்டு பக்கத்தில் அலுத்துப்போய், தமிழ்க் கதையே பிடிக்காது என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள். அவர்களின் கண்ணுக்கு எட்டாத கதை காதுக்கு எட்டும். அம்மாவோ தாத்தாவோ வாசித்தால், அதே குழந்தை முந்நூறு பக்க நாவலைக்கூடப் பின்தொடரும்.

தொடர்கதை தந்த பாடம்

இந்த வித்தை திருச்சிக்குப் புதிதல்ல. 'கல்கி' ரா.கிருஷ்ணமூர்த்தி திருச்சியில்தான் உயர்நிலைப் பள்ளியில் படித்தார். 1921-ல் ஒத்துழையாமை இயக்கத்துக்காகப் படிப்பை விட்டார். பின்னாளில், 1950 முதல் 1954 வரை அவர் எழுதிய 'பொன்னியின் செல்வன்' தொடருக்காக வீடுகளில் அடிதடியே நடந்தது. சண்டை வேண்டாம் என்று ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். அது சரித்திரக் கதைதான். ஆனால், எந்த இடத்தில் அத்தியாயத்தை நிறுத்தினால் கேட்பவருக்குத் தூக்கம் வராது என்பதை அதில் கற்றுக்கொள்ளலாம்.

மாயக் கதைகளுக்கு வருவோம். பக்கத்துப் புதுக்கோட்டைச் சீமையின் அரிமளத்தில் 1925-ல் பிறந்தவர் வாண்டுமாமா. 'கோகுலம்', 'பூந்தளிர்' இதழ்களோடு வளர்ந்தவர்களுக்கு அவர் பெயரைச் சொன்னாலே போதும், முகம் மலரும். சிறுவர்களுக்கான சாகச, மாயாஜாலக் கதைகளை அவர் எழுதிக் குவித்தார். எட்டு வயதுக் குழந்தைக்கு அங்கே தொடங்கலாம்.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஜெயமோகனின் 'பனிமனிதன்'. இமயமலையில் பனிமனிதனைத் தேடிப் போகும் இந்தக் கதை, தினமணியின் 'சிறுவர்மணி'யில் தொடராக வந்தது. அதனால் ஒவ்வோர் அத்தியாயமும் ஓர் இரவுக்கு அளவானது. எஸ்.ராமகிருஷ்ணனின் 'ஏழுதலை நகரம்', கீழடியைக் களமாகக் கொண்டு 2023-ல் பால சாகித்ய புரஸ்கார் பெற்ற உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' ஆகியவையும் இந்த வரிசையில் சேரும்.

மொழிபெயர்ப்புகளில் 'குட்டி இளவரசன்' தனி ரகம். பிரெஞ்சிலிருந்து நேரடியாக வெ.ஸ்ரீராமும் ச.மதனகல்யாணியும் தமிழாக்கியது. 27 சின்ன அத்தியாயங்கள், 27 இரவுகள்! ஹாரி பாட்டரும் தமிழில் கிடைக்கிறது. முதல் பாகத்தில் 17 அத்தியாயங்கள். ஆனால், ஒவ்வொன்றும் நீளம். ஓர் அத்தியாயத்தை இரண்டு இரவாகப் பிரித்துக்கொள்வது தொண்டைக்கு நல்லது.

எங்கே தேடுவது?

மேலப்புலிவார்டு சாலையில் இருக்கும் மாவட்ட மைய நூலகத்திலிருந்து தொடங்கலாம். மறுபதிப்பு காணாத பழைய சிறுவர் நாவல்களைத் தேட நூலகத்தைவிட நல்ல இடம் இல்லை. குழந்தையையும் அழைத்துப் போங்கள். அட்டையைப் பார்த்து அது எடுக்கும் புத்தகத்தில் ஓர் அத்தியாயத்தை அங்கேயே மெதுவாக வாசித்துப் பாருங்கள். உங்கள் வாய்க்கே ஒட்டாத நடை என்றால் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். புதுப் புத்தகங்கள் வேண்டுமென்றால், மாவட்ட நிர்வாகம் நடத்தும் புத்தகத் திருவிழா வரை காத்திருக்கலாம்.

ரங்கராஜன் வளர்ந்த வீதி

ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்துக் காவிரியைத் தாண்டினால் ஸ்ரீரங்கம். பாட்டி வீட்டில் தங்கி இங்கே படித்து வளர்ந்த ரங்கராஜன்தான் எழுத்தாளர் சுஜாதா. சித்திரை வீதிகளில் சாயங்காலம் நடந்தால், 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' படித்தவர்களுக்கு ஒவ்வொரு திண்ணையும் தெரிந்த திண்ணையாக இருக்கும்.

அதே சுஜாதா, 1980-களில் ஆனந்த விகடனில் எழுதிய 'என் இனிய இயந்திரா'வில் ஜீனோ என்ற இயந்திர நாயை உலவவிட்டார். புத்தகம் படிக்கும் நாய்! கதை நடப்பது 2021-ல். அன்றைக்கு அது எதிர்காலம். இன்றைய பிள்ளைகளுக்கோ கடந்துபோன வருடம். எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று வீட்டில் ஒரு பட்டிமன்றமே நடத்தலாம். பெரியவர்களுக்காக எழுதிய தொடர் என்பதால், 12 வயதுக்கு மேல் வாசித்துக் காட்டுவது நல்லது. அதற்கு முன் நீங்கள் ஒருமுறை படித்துவிடுங்கள்.

வாசிப்பவர் கவனத்துக்கு

ஓர் இரவுக்குப் பதினைந்து நிமிடம் போதும். தெரியாத சொல் வரும்போதெல்லாம் நிறுத்தி அர்த்தம் சொல்ல வேண்டாம். குழந்தை கேட்டால் மட்டும் சொல்லுங்கள். பூதத்துக்கு ஒரு குரல், ராஜகுமாரிக்கு ஒரு குரல் என்று மாற்றிப் பேசக் கூச்சப்படாதீர்கள். குகைக்குள் விளக்கு அணைந்ததும் புத்தகத்தை மூடுங்கள். "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டால், "நாளைக்கு" என்று மட்டும் சொல்லுங்கள்.

மறுநாள் காலையில் புத்தகம் வைத்த இடத்தில் இல்லையென்றால் பதற வேண்டாம். ஏதோ ஒரு மூலையில், உங்கள் பிள்ளை எழுத்துக் கூட்டி அடுத்த அத்தியாயத்தைப் படித்துக்கொண்டிருக்கலாம்.