மேஜை டிராயரில் கிடந்த விமானப் பயணம்

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் நாலாவது ஸ்டேஷன் திரிசூலம். இறங்கி எதிரே பார்த்தால் விமான நிலையம். இவ்வளவு பக்கத்தில் இருந்தும், என் அம்மா 67 வயது வரை விமானத்தைக் கீழேயிருந்துதான் பார்த்திருக்கிறாள். மொட்டை மாடியில் வடகம் காய வைக்கும்போது சத்தம் கேட்டால் அண்ணாந்து பார்த்து, "இதுல ஏறினா உன் சித்தி வீட்டுக்குப் போயிடலாம், இல்லடி?" என்பாள்.

சித்தி, அம்மாவின் ஒரே தங்கை. கல்யாணமாகி சிங்கப்பூர் போனவள். கடைசியாக இங்கே வந்தது 2012-ல். அப்புறம் சிறுநீரகம் பழுதாகி, செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். இனி அவளால் வர முடியாது. என் அண்ணன் இருப்பது மெல்போர்னில். "பேரனைப் பார்க்க வாம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். 2018 தீபாவளி சமயத்தில் டிக்கெட் விலையைக் கேட்டதும், "இந்த வயசுல எனக்கு எதுக்குடி இதெல்லாம்" என்று அம்மா பேச்சை முடித்துவிட்டாள்.

அந்த வாரம்தான் மேஜை டிராயரைச் சுத்தம் செய்தேன். கரண்ட் பில்களுக்கு நடுவே ஒரு விமானக் கம்பெனியின் அட்டை. என் கணவர் வேலை விஷயமாக அடிக்கடி வெளிநாடு போய் வந்தவர். "ஏங்க, இது என்ன?" என்றேன்.

"அது ஆபீஸ் வாங்கிக் கொடுத்த டிக்கெட். நமக்கென்ன அதுல?" என்றார்.

அங்கேதான் தப்பு, சகோதரிகளே! டிக்கெட்டுக்குப் பணம் கட்டியது யாராக இருந்தாலும், பாயிண்ட் பெரும்பாலும் பறந்தவர் பேரில்தான் சேருகிறது. கல்லூரியில் படிக்கும் மகள் கம்ப்யூட்டரில் பார்த்துச் சொன்னாள். ஒரு லட்சத்துச் சொச்சம் பாயிண்ட் இருந்தது. அதற்கு முன் சேர்ந்ததில் நிறைய காலாவதியாகி இருந்தது. இருந்ததிலும் பாதி, ஜனவரி கடைசியோடு போய்விடும். மூட்டை அரிசியில் வண்டு விழுந்ததைப் பார்த்த மாதிரி எனக்கு வயிறு எரிந்தது.

விவரம் தெரிந்ததும் இவர், "நாம ரெண்டு பேரும் எங்கேயாவது போய் வரலாமே" என்றார். கல்யாணமாகி இருபது வருஷத்தில் குற்றாலம் தாண்டி நாங்கள் போனதில்லை. எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. இரண்டு நாள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. மூன்றாம் நாள் காபி குடிக்கும்போது அவரே, "அத்தை முதல்ல போய்ட்டு வரட்டும். சித்தி உடம்பு காத்திருக்காது" என்றார்.

பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் நானும் மகளும் திட்டம் போட ஆரம்பித்தோம். இப்படிப் பறந்த தூரத்தைக் கணக்கு வைத்து இலவச டிக்கெட் தரும் வழக்கத்தை 1981-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் பிரபலமாக்கியதாம். பிறகு கம்பெனிகள் கூட்டுச் சேர்ந்தன. 1997-ல் ஐந்து கம்பெனிகள் சேர்ந்து ஸ்டார் அலையன்ஸ் என்ற கூட்டணியை உண்டாக்கின. நம் ஏர் இந்தியா அதில் சேர்ந்தது 2014-ல். ஒன்வேர்ல்ட், ஸ்கைடீம் என்று வேறு இரண்டு கூட்டணிகளும் உண்டு. ஒரு கம்பெனியில் சேர்ந்த பாயிண்டை அதே கூட்டணியிலுள்ள இன்னொரு கம்பெனி விமானத்திலும் செலவழிக்கலாம். ஒரே ஊருக்குப் பல வழிகள் கிடைப்பது இதனால்தான்.

முதலில் கிடைத்த வழியில் பாயிண்ட் குறைவு. ஆனால் நடுவில் ஒரு ஊரில் ராத்திரி முழுக்கப் பதின்மூன்று மணி நேரம் நாற்காலியில் காத்திருக்க வேண்டும். சித்தியையும் பார்க்க முடியாது. மகள், "பாயிண்ட் மிச்சம்மா" என்றாள். பாயிண்டை மிச்சம் பிடித்து அம்மாவின் முழங்காலைச் செலவழிப்பதா? வேண்டாம் என்று அடித்துவிட்டேன்.

வழியில் இறங்குவதில் ஒரு நுட்பம் இருக்கிறது. வெளிநாட்டுப் பயணத்தில் நடுவில் 24 மணி நேரத்துக்குள் அடுத்த விமானம் ஏறினால் அது வெறும் மாறுதல். அதற்கு மேல் தங்கினால் அது தனியான நிறுத்தம். அதை அனுமதிப்பதா, தனிக் கட்டணம் கேட்பதா என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். எங்களுக்குக் கட்டணத்தோடு கிடைத்தது.

அடுத்தது தேதி. பாயிண்டுக்கு என்று ஒவ்வொரு விமானத்திலும் கொஞ்சம் இடம்தான் ஒதுக்குகிறார்கள். நாங்களோ சித்தியின் டயாலிசிஸ் நாளையும் பார்க்க வேண்டும். பத்து நாள் தேடி, 2019 பிப்ரவரி 16 சனிக்கிழமை ராத்திரி கிளம்பி, ஞாயிறு விடியற்காலை சிங்கப்பூரில் இறங்கி, செவ்வாய் காலை மெல்போர்ன் புறப்படும்படி அமைத்தோம். அம்மாவுக்குப் போக வரவும், எனக்குப் போக மட்டும்தான் பாயிண்ட் காணும். நான் திரும்பி வரும் டிக்கெட்டுக்கு என் நகைச் சீட்டுப் பணம் போயிற்று. என் டிக்கெட் தனி டிக்கெட்டானதால், அம்மாவுக்குப் பக்கத்து இருக்கை வேண்டுமென்று போன் செய்து சொல்லி வைத்தோம்.

"இலவசம்" என்ற வார்த்தையை நம்பிவிடாதீர்கள். வரியும் விமான நிலையக் கட்டணமும் கையிலிருந்துதான் கட்ட வேண்டும். சிங்கப்பூரில் இரண்டு ராத்திரி தங்கவும் நமக்கு விசா வேண்டியிருக்கலாம். ஆஸ்திரேலியாவுக்கு வேறு விசா. மாமியாருக்கோ அம்மாவுக்கோ டிக்கெட் எடுக்குமுன், அட்டை வைத்திருப்பவர் அவர்கள் பெயரை முன்கூட்டியே பதிந்து வைக்கும்படி சில கம்பெனிகள் கேட்கும். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, ஓர் எழுத்து மாறாமல் இருக்க வேண்டும்.

அம்மாவின் இன்சுலினைக் கைப்பையில்தான் வைத்தேன். சரக்கு அறையில் போனால் குளிரில் உறைந்து கெட்டுப்போகலாம். டாக்டரின் கடிதமும் கூடவே. கிழக்கே பறக்கும்போது அன்றைய பகல் சுருங்கிவிடும். மெல்போர்ன் கடிகாரம் பிப்ரவரியில் நம்மைவிட ஐந்தரை மணி முன்னால். அதனால் எந்த வேளை எவ்வளவு ஊசி என்று டாக்டரிடமே எழுதி வாங்கிக்கொண்டேன். சக்கர நாற்காலிக்கு முன்பே சொல்லி வைத்தோம். இரண்டு மணிக்கொரு தரம் அம்மாவை எழுப்பி நடக்க வைத்தேன். ஒரே இடத்தில் உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து உண்டு. சென்னையிலிருந்து சிங்கப்பூர் சுமார் நாலு மணி, அங்கிருந்து மெல்போர்ன் ஏழு மணிக்கு மேல். நடுவே இரண்டு நாள் காலை நீட்டிப் படுத்ததால் அம்மாவுக்குக் கால் வீங்கவில்லை. அண்ணனுக்கென்று ஆசையாய் எடுத்து வைத்த கறிவேப்பிலையைக் கிளம்புமுன் நானே வெளியே வைத்துவிட்டேன். ஆஸ்திரேலியாவில் பச்சை இலை கொண்டுபோக விடமாட்டார்கள். மற்ற தின்பண்டத்தையும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

சிங்கப்பூரில் அம்மாவும் சித்தியும் கடையையும் பார்க்கவில்லை, கடலையும் பார்க்கவில்லை. ஒரே பாயில் படுத்து, தாத்தா வீட்டுக் கிணற்றடியைப் பற்றி விடிய விடியப் பேசினார்கள். செவ்வாய் காலை எல்லோரும் ஒரே லிஃப்டில் இறங்கினோம். சித்தி டயாலிசிஸுக்கு, நாங்கள் விமான நிலையத்துக்கு.

2020 மார்ச்சில் கொரோனாவால் வெளிநாட்டு விமானங்கள் நின்றன. 2021 ஜூனில் சித்தி போய்விட்டாள். யாராலும் போக முடியவில்லை. செல்போனில்தான் அம்மா தங்கையைக் கடைசியாகப் பார்த்தாள். ரொம்ப அழுதாள். ஆனால் "பார்க்காமலே போயிட்டாளே" என்று மட்டும் அவள் அழவில்லை.

இவருடைய அட்டையில் இப்போது மறுபடியும் கொஞ்சம் சேர்ந்திருக்கிறது. காலாவதி தேதியைக் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டு மேஜை டிராயரையும் இன்றைக்கே ஒரு தரம் திறந்து பாருங்களேன்!