கறுவலுக்காகக் கேட்ட காசு

திங்கள், இரவு

காலையிலிருந்து எங்கள் பூனை கறுவல் மணல்பெட்டியில் ஏறுவதும் குந்துவதும் இறங்குவதுமாக இருந்தான். ஒரு சொட்டும் வரவில்லை. பின்பக்கத்தை நக்கிக்கொண்டே முனகினான். அடிவயிறு தோடம்பழம் போல இறுகிக் கிடந்தது. “மலச்சிக்கலாக்கும் புள்ள, எண்ணெய் பருக்கு. நோவெண்டா அரைப் பனடோல் குடு” என்றா அயல்வீட்டு மாமி. அன்பாகத்தான் சொன்னா. ஆனால் நம் உடம்பு கழித்துவிடும் அந்த மருந்தைப் பூனையின் ஈரலால் கழிக்க முடியாது. ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடக்கூடும். மாமியிடம் இதை விளக்கிச் சொல்லிவிட்டு மிருக வைத்தியருக்குப் போன் எடுத்தேன். “கடுவனா? அப்ப விடிய விடிய வச்சிருக்காதீங்க, இப்பவே கொண்டு வாங்க” என்றார். ஒட்டோ கல்லடிப் பாலம் தாண்டும்போது கூடைக்குள் ஒருமுறை வாந்தி எடுத்தான்.

செவ்வாய்

கடுவன் பூனைக்குச் சிறுநீர்க்குழாய் மிக ஒடுக்கம். சளியும் பொடிக்கற்களும் சேர்ந்தால் அடைத்துக்கொள்ளும். வெளியேற வேண்டிய பொட்டாசியம் இரத்தத்தில் ஏறி இதயத்தை நிறுத்திவிடும். கவனிக்காமல் விட்டால் இரண்டு மூன்று நாளில் கதை முடிந்துவிடும். மயக்கம் கொடுத்து, மெல்லிய குழாயை விட்டு அடைப்பை எடுத்திருக்கிறார்கள். பைக்குள் நிறைந்தது இரத்தம் கலந்த மூத்திரம். இனிச் சில நாள் சேலைனோடு அங்கேயே இருக்க வேண்டும்.

வைத்தியர் மதிப்பீட்டுத் தாளை நீட்டினார். என் சம்பளத்தில் பாதிக்கு மேல். அவர் மேல் எனக்குக் குறையில்லை. ஊசி, மயக்க மருந்து, குழாய் எல்லாம் வெளிநாட்டுச் சாமான். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாயைத் தொட்ட பிறகு எந்த மருந்தும் பழைய விலைக்குத் திரும்பவில்லை. அரச கால்நடை வைத்திய அலுவலகங்களுக்குப் படுவான்கரை மாடும் ஆடும் கோழியுமே தலைக்கு மேல் வேலை. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியசாலைக்குப் போவதென்றால் மகா ஓயா, மகியங்கனை தாண்டிப் பதினெட்டு வளைவுப் பாதையும் ஏற வேண்டும். அந்தப் பயணத்தை இவன் தாங்கமாட்டான்.

புதன்

கேட்பது என்று முடிவெடுத்தேன். முதலில் போனது சீட்டுப் பிடிக்கிற அக்காவிடம். இந்த மாத முறை, இடியப்பம் அவித்து விற்கும் அக்காவுக்கு. இரண்டு பேருமாக அவவிடம் போனோம். இடியப்பத் தட்டுகளைக் கழுவிக்கொண்டே கேட்டா. “கூரைத் தகரம் மாத்தத்தான் எடுக்க இருந்தன். மாரிக்கு இன்னும் ரெண்டு மாசம் கிடக்குத்தானே. என்ட முறைய நீ எடு, உன்ட முறைய மழைக்கு முன்ன தந்தாச் சரி.” கை ஈரத்தைச் சீலையில் துடைத்துவிட்டு அந்த இடத்திலேயே கொப்பியில் பெயரை மாற்றிக் கையெழுத்து வைத்தா.

மிச்சத்துக்கு ஒழுங்கையில் இறங்கினேன். மதிப்பீட்டுத் தாளை எல்லாருக்கும் காட்டினேன். காசை என் கையில் தர வேண்டாம், வைத்தியரிடமே கட்டிவிட்டுத் துண்டை வாங்கி வாருங்கள் என்றேன். மீன் யாவாரித் தம்பி, “காசில்லகா. சுகமாகி வரட்டும், திரளி தாறன்” என்றான். அதையும் கொப்பியில் எழுதினேன்.

வியாழன்

ஒருவர் நேரே கேட்டார்: “பஸ்ஸில ஏறி, சிறுநீரக ஒப்பரேசனுக்கு எண்டு கடிதத்தக் காட்டி மனுசர் கையேந்துற ஊரில, பூனைக்குக் காசா?”

கேட்க வேண்டிய கேள்விதான். பஸ்ஸில் நீளும் அந்தக் கைக்கு நானும் கொடுப்பவள். கறுவலுக்குக் கொடுத்த யாரும் அந்த நோயாளிக்குக் கொடுப்பதை நிறுத்தியதாக நான் காணவில்லை. இடியப்ப அக்கா இரண்டுக்கும் கொடுப்பவ. ஒரு உயிரின் நோவைக் கண்டு இளகும் மனசு அடுத்ததற்கும் இளகும் என்பதே என் அனுபவம். பூனையை வீட்டில் அடைத்து வளர்த்து, உலர்தீவனம் போட்டுப் பழக்கியவர்கள் நாம். அதன் நோய்க்குப் பொறுப்பும் நம்முடையதே.

சனி

பிராணிக்காகக் காசு சேர்ப்பதில் நாம் புதிதாக எதையும் செய்யவில்லை. 1917இல், முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, மரியா டிக்கின் என்ற பெண் இலண்டனின் ஏழைப் பகுதியான வைட்சாப்பலில் ஒரு நிலவறையில் விலங்குகளுக்கு இலவச வைத்தியம் தொடங்கினார். தமக்கே வைத்தியம் பார்க்க வசதியில்லாத சனம் பூனையையும் கழுதையையும் கொண்டு வந்து நின்றது. அப்படி அவர் தொடங்கிய அமைப்பு இன்றும் நன்கொடையில் நடக்கிறது.

2021இல் ஜப்பானில் நடந்தது இன்னும் பெரிது. பூனைகளின் சிறுநீரக நோய்க்கு மருந்து தேடிய டோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியர் தோரு மியாசாகியின் ஆய்வு, கொரோனாவால் பணமின்றித் தடைப்பட்டதாகச் செய்தி வந்தது. பூனை வளர்ப்பவர்கள் ஆயிரக்கணக்கில் பணம் அனுப்பினார்கள். சில மாதங்களுக்குள் 20 கோடி யென்னுக்கு மேல் சேர்ந்தது. எங்கள் ஒழுங்கைக் கொப்பியும் அந்த வகையில் சேர்ந்ததுதான்.

ஞாயிறு

குழாயைக் கழற்றிவிட்டார்கள். தானாக மூத்திரம் போகிறான். அடைப்பு மறுபடி வரக்கூடியது. தண்ணீர் நிறைய உள்ளே போக வேண்டும், உலர்தீவனத்தைக் குறைக்கச் சொன்னார் வைத்தியர். தம்பி தந்த திரளியை உப்பில்லாமல் அவித்து, அந்தத் தண்ணியோடு பிசைந்து வைத்தேன். தின்றான். கட்டிய துண்டுகளையும் கொப்பியையும் எல்லாரும் பார்க்கும்படி கேற்றில் தொங்கவிட்டேன். அடுத்த மாதம் முதல் சீட்டில் ஆளுக்குக் கொஞ்சம் ஒதுக்கி, ஒழுங்கையில் எந்தப் பிராணி நோயில் விழுந்தாலும் அதிலிருந்து எடுப்பது என்று பேசியிருக்கிறோம். சீட்டுக்கார அக்கா ஒத்துக்கொண்டா.

சீட்டுப் பிடிக்கும் எல்லா ஒழுங்கையிலும் இதைச் செய்யலாம், செய்யுங்கள். மணலில் குந்திக் குந்தி எழும்பும் கடுவனைக் கண்டால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். காசு போதாதென்றால் வைத்தியர் எழுதித் தந்த தாளைக் காட்டி அயலில் கேளுங்கள்.