ஒரு மாத அவகாசம்

நட்சத்திரங்களுக்கான விழாவை யாராவது மழைக்காலத்தில் வைப்பார்களா? ஜப்பானின் தனபதா விழாவைப் பற்றிப் படித்த நாளிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஆகாய கங்கையின் இரு கரைகளில் பிரிந்திருக்கும் நெசவுக்காரப் பெண்ணும் மாடு மேய்ப்பவனும் ஆண்டுக்கு ஒரே ஒரு முறை சந்திக்கும் இரவு அது. மனத்திலுள்ள வேண்டுதல்களை வண்ணக் காகிதத் துண்டுகளில் எழுதி மூங்கில் கிளையில் கட்டுவார்கள். ஆனால் விழா நாளான ஜூலை 7 அங்கே மழைக்காலத்தின் நடுவில் வருகிறது. பல ஆண்டுகளில் வானமே தெரிவதில்லை.

பழைய சந்திரக் கணக்கில் இந்த விழாவுக்குரிய ஏழாம் மாதம் ஏழாம் நாள் பெரும்பாலும் மழை ஓய்ந்த பிறகே வரும். அந்தக் கணக்கைத்தான் 1872-இன் கடைசியில் மெய்ஜி அரசு கைவிட்டது. அறிவித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பன்னிரண்டாம் மாதம் இரண்டே நாளில் முடிந்து, மூன்றாம் நாள் 1873 ஜனவரி 1 என்று விடிந்தது. பழைய கணக்கே நீடித்திருந்தால் அடுத்த ஆண்டில் ஓர் அதிக மாதம் வந்து, அரசு 13 மாதச் சம்பளம் கொடுக்க வேண்டியிருக்கும். அவசரத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

புதிய காலண்டரை விளக்கி ஃபுகுசாவா யுகிச்சி ஒரு சிறுநூல் எழுதினார். பூமி சூரியனைச் சுற்றும் கணக்கைத் தெளிவாக எடுத்துச் சொல்பவர், இந்த மாற்றத்தைக் கண்டு ஐயுறுவோர் எல்லாம் எழுத்தறியாத மூடர்கள் என்றும் தீர்ப்பளித்துவிடுகிறார். ஜப்பானுக்குக் கல்வியின் வாசலைத் திறந்தவர்களில் ஒருவர் அவர். அவர்மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. இருந்தாலும் அந்த வரி மனத்தை உறுத்துகிறது. முன்னோர்களை வீட்டுக்கு அழைக்கும் ஒபோன் நாட்கள், புதுக் கணக்கில் வயல்வேலை நெருக்கும் ஜூலையில் வந்து நின்றன. இறந்துபோன அப்பாவை இனி எந்த நாளில் அழைப்பது என்று திகைத்த விவசாயி எப்படி மூடராவார்?

நாவலாசிரியர் நாத்சுமே சோசெகி 1911-இல் வகாயமாவில் பேசும்போது இந்தத் திகைப்பின் வேரைத் தொட்டார். மேற்கு நாடுகளில் மாற்றம் உள்ளிருந்து வளர்ந்தது. ஜப்பானிலோ வெளியிலிருந்து நெருக்கித் தள்ளியது. அவர்கள் நூறாண்டில் நடந்த தூரத்தை நாம் பத்தாண்டில் ஓடினால் நரம்பு தளராதா என்று கேட்டார். லண்டனுக்குப் படிக்கப் போய் மனம் நொந்து திரும்பியவர் அவர். பட்டுத் தெரிந்த பேச்சு. ஆனால் தீர்வு ஒன்றும் அவரிடம் இல்லை.

ஊர்மக்கள் தங்களுக்கு எட்டிய அளவில் ஒரு வழி கண்டிருந்தார்கள். பல விழாக்களை ஒரு மாதம் தள்ளி வைத்துக்கொண்டார்கள். பெரும்பாலான ஊர்களில் ஒபோன் இன்றும் ஆகஸ்ட் நடுவில்தான். சென்டாய் நகரம் தனபதாவை ஆகஸ்ட் 6 முதல் 8 வரை கொண்டாடுகிறது.

மாற்றம் கொண்டுவருகிறவர்களே, மக்கள் தயங்கினால் அறியாமை என்று தள்ளிவிடாதீர்கள். அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரு மாத அவகாசம்தான். அதைக் கொடுங்கள்.