பை பார்த்துக்கொள்பவள்

லண்டனில் நான்காவது நாள். பிரிட்டிஷ் மியூசியத்தில் ரொசெட்டா கல்லை இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு மகன் தரையில் உட்கார்ந்துவிட்டான். “இன்னும் எத்தனை கல்லும்மா?” பதினான்கு வயது மகள் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றவேயில்லை. உள்ளே நுழையக் காசு கேட்காத இடம்தான். ஆனால் அதுவரை வந்துசேர நான் மூன்று வருடம் சேமித்திருந்தேன். அந்தக் கணக்கைப் பிள்ளைகளிடம் சொல்லிக்காட்டினேன். சொல்லி முடித்த பிறகுதான், அது என் அப்பாவின் குரல் என்று உறைத்தது.

அப்பா எங்களை மாமல்லபுரம் கூட்டிப்போனதும் இப்படித்தான். வெயிலில் நடக்கமாட்டேன் என்று நான் அழ, “இவ்வளவு செலவு பண்ணி வந்தது எதுக்கு?” என்று இழுத்துக்கொண்டு போனார். அம்மா வரவில்லை. புளிச்சோற்றுப் பையையும் தண்ணீரையும் எங்கள் செருப்புகளையும் பார்த்துக்கொண்டு மர நிழலில் இருந்தாள். திரும்பி வந்ததும், “நல்லா இருந்துச்சா?” என்று கேட்டாள். பிற்காலத்தில் யாராவது கேட்டால், “மாமல்லபுரம் போயிருக்கேனே” என்பாள். அர்ச்சுனன் தபசை அவள் பார்த்ததே இல்லை.

மியூசியத்திலிருந்து டாவிஸ்டாக் சதுக்கத்துக்குக் கால்மணி நேர நடை. அந்தப் பயணத்தில் எனக்கே எனக்கென்று நான் வைத்திருந்தது அந்த ஓர் இடம்தான். அங்கே 52ஆம் எண் வீட்டில் 1924 முதல் 1939 வரை வர்ஜீனியா வுல்ஃப் வாழ்ந்தார். ‘தனக்கென ஓர் அறை’ 1929இல் அந்த வீட்டின் கீழ்த்தளத்தில் இயங்கிய அவர்களது பதிப்பகத்திலிருந்தே வெளிவந்தது. அந்த அறையையும் ஆண்டுக்கு ஐந்நூறு பவுண்டையும் பற்றி வகுப்பில் எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். வீடு 1940இல் குண்டுவீச்சில் அழிந்தது. இப்போது அந்த இடத்தில் ஹோட்டல் நிற்கிறது. பூங்காவின் மூலையில் 2004இல் வைத்த வுல்ஃபின் மார்பளவுச் சிலை மட்டும் இருக்கிறது.

நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்த காந்தியைப் பார்த்ததும் மகன், “இவரு இங்கேயுமா?” என்றான். முதல் முறையாக எல்லோரும் சிரித்தோம்.

இந்தச் சதுக்கத்தைச் சுற்றி நடந்தபோதுதான் ‘கலங்கரை விளக்கத்துக்கு’ நாவல் தன் மனதில் உருவானது என்று வுல்ஃப் எழுதியிருக்கிறார். போக ஆசைப்படும் சிறுவனை அப்பா தடுக்கிறார். பத்து வருடம் கழித்து, ஆசை வற்றிப்போன பிள்ளைகளை அவரே படகில் ஏற்றிக் கூட்டிப்போகிறார். இடையில் அம்மா இறந்துவிடுகிறாள். அந்தச் சாவு அடைப்புக்குறிக்குள் ஒரு வாக்கியமாக வந்துபோகிறது. நான் படகிலிருந்த அப்பாவாகிவிட்டேனோ என்று யோசித்துக்கொண்டே நடந்தேன்.

“நீ போய்ப் பாரும்மா. பையையும் தம்பியையும் நான் பாத்துக்கிறேன்” என்றாள் மகள்.

அப்பாடா என்றிருந்தது. பத்தடி போய்த் திரும்பிப் பார்த்தேன். பெஞ்சில் முழங்கால்களைச் சேர்த்துவைத்து, மடியில் பையை அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள். மாமல்லபுரத்து மர நிழலில் அம்மா உட்கார்ந்திருந்த அதே உட்காரல். யாரும் அவளுக்கு அதைச் சொல்லித்தரவில்லை. இருபது வருடமாக வகுப்பில் பெண்ணியம் பேசுகிற என் வீட்டிலேயே அது அவள் கைக்கு வந்துசேர்ந்திருக்கிறது.

திரும்பிப் போய்ப் பையை எடுத்து மகனின் தோளில் மாட்டினேன்.

“வெயிட்டா இருக்கும்மா.”

“தெரியும். அரைமணி நேரம் உன் முறை. நாளைக்கு எங்கே போறதுன்னு நீங்க ரெண்டு பேரும் சொல்லுங்க. எங்கேயும் போகவேணாம்னாலும் சரி.”

மகள் எழுந்தாள். சிலைப்பக்கம் வரவில்லை. எதிர்மூலையில் ஒரு காலி பெஞ்சில் போய்க் கால்களை நீட்டி உட்கார்ந்து, கண்ணை மூடிப் பாட்டுக் கேட்டாள்.

வுல்ஃபை அவள் பார்க்கவேயில்லை. வா, வந்து பார் என்று நானும் கூப்பிடவில்லை.