மூன்று நாள் 'அப்டேட்'

நானா கட்டாருக்குப் போகும்போது எனக்கென்று விட்டுச்சென்றது ஒரு கணினி. பல இடங்களில் பழைய பாகங்களாகத் தேடி வாங்கி அவரே பொருத்தியது. "இனி இது உன்ட, தங்கச்சி. ஆனா கழட்டிப் பாக்காத" என்றார். நான் கழற்றவில்லை. கழற்றாமலேயே கெடுத்தேன்.

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10இன் வழமையான ஆதரவு முடிந்தது. எங்கள் கணினியோ விண்டோஸ் 11இற்குத் தகுதியில்லாத பழசு. ஆகவே லினக்ஸ் மின்ட் நிறுவினேன். காசு கொடுக்கத் தேவையில்லை, ஐ.சி.டி. பாடத்துக்கு வேண்டிய பைதனும் மைஎஸ்கியூஎல்லும் அதில் நன்றாகவே ஓடின. பதிவுசெய்த வகுப்புகளைப் பார்க்கும்போதுதான் குறை தெரிந்தது. வெண்பலகையில் எழுதும் சேரின் கை நடுவில் கிடையாக வெட்டுப்பட்டு, மேற்பாதி முன்னாலும் கீழ்ப்பாதி பின்னாலுமாக நகரும். இணைய வேதியியலே போதுமான அளவு கடினம். அதை இரண்டு துண்டாகப் பார்க்க என்னால் முடியவில்லை.

குறை விஜிஏ கார்டின் டிரைவரில் இருந்தது. இயங்குதளம் கார்டுடன் பேசுவதற்கான மென்பொருள்தான் டிரைவர். என்விடியா கார்டுகளுக்கு லினக்ஸில் நூவோ என்றொரு டிரைவர் ஏற்கெனவே இருக்கும். நிறுவனம் உள்விபரங்களைக் கொடுக்காத காலத்தில், கார்ட் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துப் பார்த்தே தன்னார்வலர்கள் எழுதியது அது. நானா போட்டிருந்த ஜிடி 730 கார்டில் நூவோ படம் காட்டும், ஆனால் வேகத்தைத் தானாகக் கூட்டாது. முழு வேகத்துக்கு என்விடியாவின் சொந்த டிரைவர் வேண்டும்.

அதற்கு லினக்ஸ் மின்ட்டிலேயே டிரைவர் மேனேஜர் என்றொரு இடமுண்டு. கார்டுக்குப் பொருத்தமானதை அதுவே காட்டும். நான் அதைத் திறக்கவேயில்லை. என் ஸ்நேகிதியின் மடிக்கணினியில் 535ஆம் இலக்க டிரைவர் அழகாக ஓடியது. அவளிடம் கட்டளையை வாங்கினேன், டைப் செய்தேன், என்டர் அடித்தேன். பெரிய இலக்கம் என்றால் புதியது, புதியது என்றால் நல்லது என்பதுதான் என் கணக்கு.

மறுபடி இயக்கியபோது திரை கறுப்பு. இடப்பக்க மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் மின்னி மின்னி அணைந்தது.

"என்ன மகள், பழுதாப் பெய்த்தா?" உம்மா குசினியிலிருந்து கேட்டார்.

"இல்ல உம்மா, அப்டேட் நடந்துகொண்டு ஈக்கி."

அன்று புதன்கிழமை. அந்தப் பொய்யை வியாழக்கிழமை இரண்டு தடவை சொன்னேன்.

உம்மாவின் போனில் தேடிப் படித்து, கன்ட்ரோல், ஆல்ட், எஃப்2 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்துகள் மட்டுமுள்ள இன்னொரு திரை வரும் என்று அறிந்தேன். வந்தது. அங்கே கடவுச்சொல்லை அடிக்கும்போது ஒரு நட்சத்திரக் குறிகூடத் தெரியாது. கீபோர்டும் பழுதாகிவிட்டது என்று அதற்கும் ஒரு முறை அழுதேன். பிறகு போனைக் கேபிளால் இணைத்து, இணையம் எடுத்து, டிரைவரை முழுவதும் அகற்றினேன். கணினி உயிர்பெற்றது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். சரியாக இறங்கியிருக்காது என்று நினைத்து அதே 535ஐ மீண்டும் போட்டேன். மீண்டும் கறுப்பு.

வியாழன் இரவு வாப்பா தனக்குத் தெரிந்த கடையொன்றுக்குப் போன் போட்டார். மறுமுனையில் இருந்தவர் கணினியைப் பார்க்காமலே, "விஜிஏ எரிஞ்சிருக்கும், புதுசு போடோணும்" என்று 15,000 ரூபா சொன்னார். வாப்பா பாடசாலை வேன் ஓட்டுபவர். வேனுக்கு டயர் மாற்ற எடுத்துவைத்த காசு அலுமாரியில் இருந்தது எனக்குத் தெரியும். அவர் எழுந்து அலுமாரிப் பக்கம் போனபோது எனக்கு நெஞ்சு அடைத்தது.

"எரியல்ல வாப்பா" என்றேன். கணினியை இயக்கியவுடன் வரும் முதல் எழுத்துகளும் அந்தக் கார்ட் வழியாகத்தானே மொனிட்டருக்கு வருகின்றன? கார்ட் எரிந்திருந்தால் அதுவும் வராதே. அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். வாப்பாவுக்கு லினக்ஸ் புரியாது. நானும் அதை விளங்கப்படுத்தவில்லை. கார்டின் பெயரைப் பார்த்து டிரைவர் போட்டேன், ஒத்துவரவில்லை என்று மட்டும் சொன்னேன்.

"பின்னால ஒட்டியிருக்கிற பேரப் பாத்தா சாமான் வாங்குவாங்க? ஒரே டொல்பின் வேன்ல 2எல் என்ஜினும் ஈக்கி, 3எல் என்ஜினும் ஈக்கி. என்ஜின்ல என்ன அடிச்சிருக்கெண்டு பாரு."

சுபஹுக்குப் பின் உட்கார்ந்து, கணினிக்குள் இருக்கும் பாகங்களைப் பட்டியலிடும் கட்டளையை அடித்தேன். ஜிடி 730 என்ற பெயருக்கு முன்னால் ஜிகே208பி என்று இருந்தது. அதுதான் சிப்பின் பெயர். வாப்பா சொன்னது அப்படியே உண்மை. ஜிடி 730 என்ற ஒரே பெயரில் என்விடியா இரண்டு தலைமுறைச் சிப்புகளை விற்றிருக்கிறது. ஃபெர்மி சிப் உள்ளதற்கு 390 வரிசை டிரைவர். கெப்ளர் சிப் உள்ளதற்கு 470 வரிசை. ஜிகே208 கெப்ளர். 470இற்குப் பின் வந்த டிரைவர்கள் கெப்ளரைக் கைவிட்டுவிட்டன.

கறுப்புத் திரையின் காரணமும் இப்போது விளங்கியது. என்விடியா டிரைவரை நிறுவும்போது அது நூவோவைத் தடைசெய்துவிடும். புதியவருக்கு இந்தக் கார்டைத் தெரியாது, தெரிந்தவரை வீட்டுக்கு அனுப்பியாயிற்று. இதில் எனக்கு மிகவும் வெட்கமான விடயம் வேறொன்று. கணினியின் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். இந்தக் கார்டுக்கு 470 வரிசையே பொருந்தும் என்று அதில் ஏற்கெனவே எழுதியிருந்தது. இரண்டு நாளாக அது சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. நான் பிழைச் செய்திகளைப் படிக்காமல் மேலே தள்ளிவிட்டுக்கொண்டிருந்தேன்.

535ஐ அகற்றி, 470ஐ நிறுவினேன். எழுத்துகள் ஓடி முடியும்வரை கதிரையில் கால்களை மடக்கிக்கொண்டு இருந்தேன். மறுபடி இயக்கியதும் மின்ட்டின் பச்சை இலச்சினை வந்தது, பிறகு திரை முழுவதும் வந்தது. முதலில் திறந்தது அந்த வேதியியல் வகுப்பைத்தான். சேரின் கை ஒரே துண்டாக இருந்தது.

ஜும்ஆவுக்குப் பிறகு நானா அழைத்தார். 535 கதையைக் கேட்டுச் சிரித்தவர், "அது எந்தச் சிப்பெண்டு எனக்கே தெரியாம ஈந்திச்சி" என்றார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, மறைப்பானேன்.

உம்மாவிடம் சொல்வதுதான் மிச்சம். சோறு போட்டுக்கொண்டிருந்தவரிடம் போய் நின்று, "உம்மா, அது அப்டேட் இல்ல" என்றேன்.

"தெரியும்" என்றார், திரும்பிப் பார்க்காமல். "அப்டேட் எண்டா என்ட போன்ல ஒரு மாசத்து டேட்டா மூணு நாள்ல முடியுமா?"