கடாரத்துக் கற்களும் சுவான்சோவின் தூண்களும்

பழைய கடாரமான மலேசியாவின் கெடாவில், ஜித்ராவிலிருந்து தெற்கே போகிறவர்களுக்கு நெல்வயல்களுக்கு அப்பால் ஜெராய் மலை எழுந்து நிற்கும். அதன் அடிவாரத்தில்தான் பூஜாங் பள்ளத்தாக்கு. நம்மவர்களில் பலர் ராஜேந்திர சோழனின் பெயரைச் சொல்லிக்கொண்டே புக்கிட் பத்து பகாட் சண்டியின் (பழங்கோயிலின்) படிகளில் கால் வைக்கிறார்கள். கடாரத்தில் தமிழர் கதை அவனது 1025 படையெடுப்போடு தொடங்கியதாக ஓர் எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. இந்தப் பள்ளத்தாக்கையும் தென்சீனத்துச் சுவான்சோ துறைமுகத்தையும் சேர்த்துப் பார்த்தால், தமிழரைக் கடல் கடந்து நிலைக்கச் செய்தது வணிகமே என்று எனக்குப் படுகிறது.

படையெடுப்பை மறுக்க முடியாது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டே கடாரத்தைப் பெயர் சொல்கிறது. ஆனால் அதற்கு முன்பே கடாரத்தரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுப்பினான். ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலத்தைக் கொடையாக விட்டான். படையெடுப்பு நடந்து 65 ஆண்டுகளுக்குப் பின், 1090இல், அதே விகாரத்துக்காகக் கடாரத்துத் தூதர்கள் குலோத்துங்கனிடம் வந்தார்கள். சோழர் நேரே ஆண்ட நாடென்றால் அங்கே தனி அரசனும் தூதர்களும் எதற்கு? பெங்காலான் பூஜாங்கில் கிடைத்த சோங், யுவான் காலத்துப் பீங்கான் ஓடுகளும், சோழர் படை திரும்பிய பிறகும் சீனச் சரக்கு வந்துகொண்டிருந்ததையே காட்டுகின்றன.

அந்தச் சரக்கு வந்த கடல்வழியின் பெருந்துறைகளில் ஒன்று சுவான்சோ. 1087இல் சோங் அரசு அங்கே கடல் வணிக அலுவலகம் அமைத்தது. மார்க்கோ போலோ சைத்தூன் என்றது இந்த ஊரைத்தான். 1281 சித்திரையில் சம்பந்தப்பெருமாள் என்பவர் குப்லாய் கானின் நலம் வேண்டி அங்கே திருக்கதலீசுவரம் என்ற சிவன் கோயிலை எழுப்பியதைத் தமிழ்க் கல்வெட்டு சொல்கிறது. சோழப் பேரரசு அதற்கு இரண்டாண்டு முன்பே முடிந்துவிட்டது! சோழ அரசின் துணை இல்லாமலே நின்ற கோயில் அது. மிங் காலத்தில் துறைமுகம் தளர்ந்தது, கோயிலும் அழிந்தது. அதன் தூண்கள் கையுவான் பௌத்தக் கோயிலின் பின்புறத்தில் இன்றும் நிற்கின்றன.

ரப்பர் தோட்டத்துக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கும் அந்தப் பழைய வணிகருக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், வம்சாவளி கோர என்னிடம் சான்றில்லை. ஆனால் பாதுகாக்க வம்சாவளி எதற்கு? 2013இல் பூஜாங்கின் பதினோராம் எண் சண்டியை மண்வாரி இயந்திரங்கள் தரைமட்டமாக்கின. சுவான்சோவோ, யாரிடமும் உறவு கேட்காமல், சிவன் கோயில் சிற்பங்களைத் தன் கடல்சார் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறது. 2021இல் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம்பெற்றுவிட்டது. பூஜாங்கின் மிச்சச் சண்டிகளுக்கும் அந்தக் காவல் வேண்டும்.