சுவருக்கு முன்னால் வரிசை

பினாங்கின் ஜார்ஜ் டவுன் நகரத்து ஆர்மீனியன் தெருவில் ஒரு சுவருக்கு முன்னால் எந்நேரமும் கூட்டம். பழைய நிஜ சைக்கிள் ஒன்றைச் சுவரில் பொருத்தி, அதன்மேல் இரண்டு குழந்தைகளை வரைந்திருக்கிறார் லித்துவேனிய ஓவியர் எர்னெஸ்ட் சக்காரெவிச். 2012-ல், ஜார்ஜ் டவுன் விழாவுக்காக வரைந்தது. அக்கா ஓட்டுகிறாள், பின்னால் தொற்றியிருக்கும் தம்பிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வருகிறவர்கள் வரிசையில் நின்று, முறை வந்ததும் சைக்கிளைப் பிடித்தபடி படமெடுத்துக்கொண்டு நகர்கிறார்கள். 1910-ல் சீனத் தலைவர் சன் யாட் சென்னின் புரட்சி இயக்கத்துக்குத் தென்கிழக்காசியத் தலைமையகமாக இருந்த 120-ஆம் எண் வீடும் இதே தெருவில்தான். நான் போனபோது அங்கே வரிசை எதுவும் இல்லை.

ஓவியத்தின்மேல் எனக்குக் கோபம் கிடையாது. நல்ல ஓவியம். ஆனால் ‘கலை நகரம்’ என்ற புதுப் பெயருக்குப் பின்னால் வேறொரு கதை இருக்கிறது. அது வாடகைக் கதை.

1948-க்கு முன் கட்டிய வீடுகளின் வாடகையை மலேசியச் சட்டம் நெடுங்காலம் கட்டுக்குள் வைத்திருந்தது. கைக்கு வருவது சொற்பம் என்பதால் வீட்டுக்காரர்கள் பழுது பார்க்கவில்லை. குடியிருப்பவரை எழுப்புவது பெரும்பாடு என்பதால் இடித்துக் கட்டவும் இல்லை. அந்த அலட்சியத்தில்தான் தெருத் தெருவாகக் கடைவீடுகள் பிழைத்தன. கீழே தொழில், மேலே குடும்பம். கடை முன்னுள்ள நடைபாதையான அஞ்சடியில் உட்கார்ந்து பிரம்பு முடைவார்கள், ஊதுபத்தி உருட்டுவார்கள். 2000 ஜனவரியில் கட்டுப்பாடு நீங்கியது. வாடகை ஏறவும் ஏழைக் குடும்பங்கள் மூட்டை கட்டின. காலியான சில வீடுகளில் உழவாரக் குருவிகளைக் குடிவைத்தார்கள். குருவிக் கூட்டுக்குச் சீனர் சந்தையில் நல்ல விலை. ஒலிபெருக்கியில் குருவிச் சத்தத்தைப் போட்டே குருவிகளை அழைத்தார்கள். மனிதர்கள் போன வீட்டுக்குப் பறவைகளை வருந்தி அழைத்த கூத்தை வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

யுனெஸ்கோ பட்டியலில் மலாக்காவோடு ஜார்ஜ் டவுன் இடம்பெற்றது 2008-ல்தான். பல இனங்களும் பல மதங்களும் கலந்து வாழும் பாரம்பரியம் என்று புகழ்ந்துதான் அந்தத் தகுதியைக் கொடுத்தார்கள். அதற்குள் வாழ்ந்தவர்களில் பாதிப் பேரைத் தேடத்தான் வேண்டியிருந்தது. மறு வருஷமே திங்க் சிட்டி என்ற அரசு சார்ந்த அமைப்பு 2 கோடி ரிங்கிட் மானியத் திட்டத்தோடு வந்தது. ஓட்டுக் கூரைக்கும் சுண்ணாம்புப் பூச்சுக்கும் வழி பிறந்தது. வாடகையைப் பிடித்து நிறுத்த மட்டும் எந்தச் சட்டமும் வரவில்லை. காபிக் கடைகளும் சிறு ஆடம்பர விடுதிகளும் வரிசையாக முளைத்தன.

நம்மவர்கள் கடைத் தெரு என்று சொல்லும் மார்க்கெட் தெருப் பக்கம் திரும்பினால் காற்றே வேறு. புடவைக் கடை, மசாலாக் கடை, பூக்கட்டும் கை, காதைப் பிளக்கும் சினிமாப் பாட்டு. பக்கத்தில் 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில், சற்றுத் தள்ளித் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். பினாங்குத் தெருவில் செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்திய கிட்டங்கி. தைப்பூசத்துக்கு முதல்நாள் அங்குள்ள கோயில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் கிளம்பும்போது, ரோட்டில் குவித்த தேங்காய்களைச் சீனர்களும் சேர்ந்தே உடைப்பார்கள். எந்த விழாக் குழுவும் யோசித்து உண்டாக்கிய நிகழ்ச்சியல்ல அது. இங்கே கூட்டம் படமெடுக்க வருவதில்லை, சாமான் வாங்க வருகிறது. அதனால்தான் இந்தத் தெரு இன்னும் கலையாமல் இருக்கிறது என்பது என் எண்ணம்.

ஆனால் அதுவும் கெட்டியான காப்பு இல்லை. ஜார்ஜ் டவுனின் பழைய வீடுகளில் கணிசமானவை கோங்சி எனப்படும் சீனர்களின் குலச் சங்கங்களுக்கும், முஸ்லிம்களின் வக்ஃப் அறக்கட்டளைகளுக்கும், கோயில்களுக்கும் சொந்தம். தர்மத்துக்கென்று எழுதிவைத்த சொத்துகள். பக்கத்துத் தெரு விடுதிக்காரர் என்ன கொடுக்கிறார் என்பது அந்த நிர்வாகிகளுக்கும் தெரியும். சுற்றுலாத் துறை இனி எந்தச் சுவரில் என்ன வரையச் சொல்லப்போகிறது என்பதைக் காட்டிலும், அடுத்த முறை குத்தகையைப் புதுப்பிக்க உட்காரும்போது இவர்கள் மசாலாக் கடைக்காரரிடம் என்ன தொகை கேட்கப்போகிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் எனக்கு ஆசை.